வலியறிதலும் செங்கோன்மையும்: கூகுள் நிறுவனத்தின் வாணிக உத்தி பற்றி ஒரு திறனாய்வு

திருக்குறளை மேலாண்மை நூலாகக் காட்டும் பேச்சும் எழுத்தும் இக்காலத்தே பெருகியுள்ளன. தமிழ்ப்பள்ளிகளின் பேச்சுப் போட்டிகளிலும், ஆசிரியர் பயிலரங்குகளிலும், குறள் விழாக்களிலும் ‘வள்ளுவர் காட்டும் மேலாண்மை’ என்னும் பொருள் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அங்ஙனம் பேசுவோர் சான்றாகக் காட்டும் நிறுவனங்களுள் முன்னிற்பது கூகுள். இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அந்நிறுவனம் பெற்ற வெற்றி. மற்றொன்று, 1972இல் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, 2015 முதல் கூகுளுக்கும் 2019 முதல் அதன் தாய் நிறுவனமாகிய ஆல்பபெட்டுக்கும் தலைமை ஏற்றிருப்பது. நம்மவர் ஒருவர் உலகின் உச்சியில் அமர்ந்திருக்கிறார் என்னும்போது நெஞ்சு நிமிர்வது இயல்பே.

எனினும், பெருமிதம் வேறு, திறனாய்வு வேறு. கூகுளின் உத்தியைக் குறள் கொண்டு அளப்பது தகுமா? தகுமாயின், எந்த அதிகாரங்களைக் கொண்டு அளப்பது? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம். வென்றவன் செய்தன யாவும் அறமே என்னும் கருத்து மாணவர் உள்ளத்தில் நம் பேச்சின் வழியாகவே ஊன்றிவிடுமாயின், குறளைக் கற்பித்தும் நாம் குறளுக்கு மாறாகக் கற்பித்தவர் ஆவோம்.

நான்கு அதிகாரங்களின் அளவுகோல்

மேலாண்மை பேசுவோர் பெரிதும் கையாள்வன தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள். பரிமேலழகர் கொண்ட வரிசையில் இவை 47 முதல் 50 வரை அமைவன. இவற்றைக் கொண்டு நோக்கினால் கூகுளின் வரலாறு பெரும்பாலும் பாராட்டுக்கு உரியதாகவே தோன்றும்.

வலியறிதல் அதிகாரத்தில் செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கும் சீர்தூக்கப்பெற வேண்டும் என்கிறார் வள்ளுவர். 1998இல் லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இரு மாணவர் தொடங்கிய நிறுவனம், தேடுதல் என்னும் ஒரு செயலில் தன் வலிமையை அறிந்தது. எதிரியின் வலிமையையும் அறிந்தது. இணையத்துக்குள் மக்கள் நுழையும் வாயிலாகிய உலாவி அந்நாளில் மைக்ரோசாப்டின் கையில் இருந்தது. வாயிலை வைத்திருப்பவன் நினைத்தால் தேடுவோரைத் தன் தேடுபொறிக்கே திருப்பிவிடலாம். இவ்விடரை உணர்ந்தே கூகுள் தனக்கென ஓர் உலாவியைச் சமைத்தது. 2008 செப்டம்பரில் வெளிவந்த குரோம் அதுவேயாகும். 2004இல் அந்நிறுவனத்திற் சேர்ந்த சுந்தர் பிச்சையின் உயர்வுக்கு அடிப்படையாயிருந்ததும் இப்பணியே.

காலமறிதலிலும் அது பின்னிற்கவில்லை. ஆப்பிளின் ஐபோன் 2007இல் உலகுக்கு அறிமுகமாகும் முன்னரே, 2005இல், ஆண்டிராய்டு என்னும் சிறு நிறுவனத்தை வாங்கிவிட்டது. 2006இல் யூடியூபை 1.65 பில்லியன் டாலருக்கு வாங்கிற்று. அன்று அஃது ஊதாரித்தனம் என்று எள்ளியவர் உண்டு. இன்று அங்ஙனம் கூறுவார் இலர்.

இடனறிதலில் மட்டும் சறுக்கிய இடங்கள் உள. கடலில் தேர் ஓடாது, நிலத்தில் கலம் செல்லாது என்பது அவ்வதிகாரத்தின் தெளிந்த கருத்து. நட்பு வட்டம் என்னும் கடலில் பேஸ்புக்கை எதிர்க்க 2011இல் கூகுள் ஓட்டிய தேர் கூகுள் பிளஸ். 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான அச்சேவை மூடப்பட்டது. தேடலில் முதலையாய் இருந்த நிறுவனம், தனக்கு இயல்பல்லாத இடத்தில் வலியிழந்தது. இத்தகைய தோல்விகள் இருப்பினும், நான்கு அதிகாரங்களின் அளவில் அது தேர்ச்சி பெறுகிறது என்பதில் ஐயமில்லை.

நிற்க.

அரசியல் ஐம்பதோடு முடிவதில்லை

பொருட்பாலின் அரசியல் என்னும் இயல் 39ஆம் அதிகாரத்தில் தொடங்கி 63இல் முடிகிறது. அதிகாரங்களின் வைப்புமுறை உரையாசிரியர்தோறும் ஓரளவு மாறுபடும் என்பது அறிந்ததே. எனினும், பரிமேலழகர் வரிசையில் இடனறிதலை அடுத்து வருவன யாவை? தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல், சுற்றந்தழால், பொச்சாவாமை. அவற்றின் பின் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை, கண்ணோட்டம், ஒற்றாடல். மேலாண்மை மேடைகள் 50இல் நின்றுவிடுகின்றன. வெல்லும் வழியைச் சொன்ன புலவரே வென்றபின் நடக்கும் வழியையும் சொன்னார் என்பதை அவை மறந்துவிடுகின்றன. பாதி நூலைப் படித்துவிட்டு முழு நூலுக்கும் பொருள் சொல்வது திறனாய்வு ஆகாது.

‘வள்ளுவர் அரசனுக்குச் சொன்னதை வணிக நிறுவனத்துக்கு ஏற்றுதல் முறையோ?’ என்று வினவலாம். முதல் நான்கு அதிகாரங்களை ஏற்றும்போது இவ்வினா எழவில்லையே! வலியறிதல் நிறுவனத்துக்குப் பொருந்துமாயின் செங்கோன்மையும் பொருந்தும். அன்றியும், ஒரு நிறுவனம் தன் வாயிலைக் கடந்தே உலகம் செல்ல வேண்டும் என்னும் நிலையை எய்தியபின், அதன் ஆற்றல் கடைக்காரனின் ஆற்றலாக இராது. அரசனின் ஆற்றலையே ஒத்திருக்கும். ஆல்பபெட்டின் 2024ஆம் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 350 பில்லியன் டாலர். அதில் பெரும்பகுதி விளம்பரத்தால் வந்தது. பல நாடுகளின் அரசிறை இதனினும் சிறியது.

தோட்டத்துக் கடையும் இயல்பான வாயிலும்

இனி, அவ்வாற்றல் எங்ஙனம் காக்கப்பட்டது என்பதைக் காண்போம். 2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை கூகுள்மீது வழக்குத் தொடுத்தது. நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டு 5ஆம் நாள் தீர்ப்பளித்தார். கூகுள் தேடுதற் சந்தையில் முற்றுரிமை பெற்ற நிறுவனம் என்றும், அம்முற்றுரிமையைச் சட்டத்துக்கு மாறாகக் காத்து வந்தது என்றும் அவர் முடிவு கூறினார். அமெரிக்காவில் 2020இல் நடந்த பொதுத் தேடல்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு கூகுள் வழியே நடந்தது. கைப்பேசியில் மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 95 விழுக்காடு. கைப்பேசியையோ உலாவியையோ முதன்முதல் திறக்கும்போதே அமைந்திருக்கும் தேடுபொறி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதற்காக, 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் பிறர்க்குக் கொடுத்த தொகை 26.3 பில்லியன் டாலர். 2022இல் ஆப்பிள் நிறுவனம் ஒன்றுக்கே கொடுத்தது ஏறத்தாழ 20 பில்லியன்.

‘யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, வேண்டியவர் வேறு தேடுபொறிக்கு மாற்றிக்கொள்ளலாமே’ என்பது நிறுவனத்தின் மறுமொழி. இதன் உண்மையை அளக்க நம் பேராக் மாநிலத்துத் தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்க்குப் பெரிய சட்டப் புலமை வேண்டுவதில்லை. ரப்பர்த் தோட்டங்களில் லயங்களுக்கு அருகே ஒரு கடை இருக்கும். பட்டணத்துக்குப் போய்ச் சாமான் வாங்கக் கூடாது என்று எவரும் தடுத்ததில்லை. ஆயினும், விடியுமுன் பால்மரம் சீவப் புறப்பட்டு, பிற்பகலில் களைத்துத் திரும்பும் தாய், அரிசிக்கும் சீனிக்கும் ஐந்து மைல் நடப்பாளா? கைக்கெட்டிய கடையிலேயே வாங்குவாள். அக்கடை நல்ல கடையாகவும் இருக்கலாம். கடைக்காரர் நல்லவராகவும் இருக்கலாம். வேறொரு கடை அங்கு வராதிருக்கக் கடைக்காரர் தோட்ட நிருவாகத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘வாங்குபவர் விரும்பியே வாங்குகிறார்’ என்று கூறுதல் பொருந்துமா? அமெரிக்காவின் பொதுத் தேடல்களில் ஏறத்தாழப் பாதி, இத்தகைய ஒப்பந்தங்களால் முன்னரே அமைக்கப்பட்ட வாயில்களின் வழியே சென்றன என்று நீதிமன்றம் கண்டது. நடக்கும் உரிமை இருந்தது, நடப்பார் இல்லை.

கூகுளின் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். அதன் தேடுபொறி தரத்தில் உயர்ந்தது என்பதை அந்நீதிபதியே மறுக்கவில்லை. பெருங்கடைகளில் கண்ணில் படும் தட்டுக்குப் பணம் கொடுப்பதுபோலத்தான் இதுவும் என்று அதன் சார்பில் வாதிடப்படுகிறது. தட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றமன்று, உண்மையே. ஆனால், ஏற்கெனவே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாங்கும் பொருளுக்கு உரியவன், எல்லாக் கடைகளின் முதல் தட்டையும் விலைக்கு வாங்கிவிட்டால், புதிதாய் வருபவன் தன் பொருளை எங்கு வைப்பான்? தேடுபொறியின் வளர்ச்சிக்கு உரம், மக்கள் தொடுக்கும் வினாக்களே. வினாக்கள் மிகுந்தால் விடைகள் செம்மையுறும். விடைகள் செம்மையுற்றால் வினாக்கள் மேலும் மிகும். உரம் முழுதும் ஒரு வயலுக்கே போய்ச் சேருமாறு வாய்க்காலைத் திருப்பிவிட்டபின், பக்கத்து வயலில் விளைச்சல் இல்லை என்று ஏளனம் செய்தல் நடுவுநிலைமை ஆகாது.

வலியறிதல் அதிகாரத்திலேயே மயிற்பீலியும் வண்டியும் பற்றிய உவமை ஒன்றுண்டு. பீலி மென்மையானது, ஆயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். கூகுளின் ஒப்பந்தங்களும் அத்தகையவே. ஆப்பிளோடு ஒன்று, கைப்பேசி செய்வோரோடு ஒன்று, தொலைபேசி நிறுவனங்களோடு ஒன்று என்று தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் மெல்லிய பீலியே. எல்லாம் சேர்ந்தபோது நீதிமன்றத்தில் அச்சு முறிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் ஆண்டிராய்டு தொடர்பாக 4.34 பில்லியன் யூரோ தண்டம் விதித்ததும், 2022இல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதனை 4.125 பில்லியனாகக் குறைத்த போதிலும் குற்றத்தைப் பெரும்பாலும் உறுதிசெய்ததும், அதே 2022இல் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்ததும் இதனையே காட்டும். மேலாண்மை மேடைகள் வலியறிதலைப் பேசும்போது இவ்வுவமையையும் சேர்த்துப் பேசுதல் வேண்டும்.

ரப்பர் கற்பித்த பாடம்

வலிமையுடையோர் வாயிலை அடைத்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று ஒன்றுண்டு. கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. அரை நூற்றாண்டுக்குள் பிரிட்டிஷ் மலாயா உலக ரப்பர்ச் சந்தையின் தலைமையை எய்திற்று. விலை வீழ்ந்தபோது, 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்னும் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் குறைத்து விலையை உயர்த்தின. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் அத்திட்டத்திற் சேரவில்லை. விலை உயர்ந்தது, ஆனால் அவ்வுயர்வால் ஊக்கம் பெற்று, திட்டத்துக்கு வெளியே நின்ற அத்தீவுகளின் உழவர் மேலும் மேலும் நட்டனர். அமெரிக்க நிறுவனமாகிய பயர்ஸ்டோன் 1926இல் லைபீரியாவில் நிலம் பெற்றது. 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. மாற்றான் வலியை எண்ணாது தன் வலியை மட்டும் எண்ணிய உத்தி அங்ஙனம் முடிந்தது.

கூகுளுக்கும் இத்தகைய எதிரி எழுந்துள்ளது. 2017இல் அதன் ஆய்வாளரே ‘டிரான்ஸ்பார்மர்’ என்னும் முறையை உலகுக்கு வெளியிட்டனர். இன்றைய உரையாடும் செயற்கை நுண்ணறிவுக்கு அதுவே வித்து. ஆயினும், அவ்வித்தைக் கொண்டு 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடியை வெளியிட்டது ஓப்பன்ஏஐ என்னும் வேறொரு நிறுவனம். கூகுள் 2023 பிப்ரவரியில் விரைந்து காட்டிய பார்டு, விளம்பரத்திலேயே விண்ணோக்கி பற்றித் தவறான விடை தந்தது. ஒரே நாளில் ஆல்பபெட்டின் பங்கு மதிப்பில் ஏறத்தாழ 100 பில்லியன் டாலர் சரிந்தது. மகிழ்ச்சியின் மிகுதியால் கடமை மறத்தலைக் கடியும் பொச்சாவாமை அதிகாரத்துக்கு இதனினும் சிறந்த விளக்கம் தேடவேண்டியதில்லை. வாயில் காக்கும் பணியில் மூழ்கியவன், தன் வீட்டில் விளைந்த வித்தை மறந்தான். பின்னர் அந்நிறுவனம் விழித்தெழுந்து ஜெமினியைக் கொண்டு மீண்டும் போட்டியில் நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘அங்ஙனமாயின், போட்டி தானே வந்துவிடுகிறதே; சட்டம் எதற்கு?’ எனலாம். இங்கேதான் ரப்பர் உவமை முறிகிறது. சுமத்திராவின் உழவனுக்கு நிலம் மலாயாவின் கையில் இல்லை. அவன் தன் மண்ணில் நட்டான். தேடுதல் உலகிலோ, வினாக்கள் என்னும் நிலமே வாயில் காப்போனிடம் உள்ளது. ஆகவேதான் 2025 செப்டம்பர் 2ஆம் நாள் மேத்தா அளித்த தீர்வு நிலத்தைப் பற்றியதாக அமைந்தது. தனக்கே உரித்தாக்கிக்கொள்ளும் ஒப்பந்தங்கள் கூடா. தேடல் தொடர்பான சில தரவுகளைத் தகுதியுடைய போட்டியாளரோடு பகிர வேண்டும் என்றார். குரோமை விற்க வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. முதலிடத்துக்குப் பணம் கொடுப்பதையும் முற்றும் தடுக்கவில்லை. செயற்கை நுண்ணறிவால் எழுந்த புதிய போட்டியை அவர் கருத்திற் கொண்டார். இது மென்மையான தீர்வு என்பார் உளர். வாய்க்காலைத் திருப்பும் பணம் எஞ்சியிருக்கும்வரை வயல்கள் சமமாகா என்பதே எம் கருத்தும்.

ஒற்றாடலும் தமிழும்

ஒற்றாடல் அதிகாரத்தில், நாட்டில் நிகழ்வன யாவும் அரசன் விரைந்து அறிய வேண்டும் என்கிறார் வள்ளுவர். இன்று நம்மைப் பற்றி அங்ஙனம் அறிபவர் யார்? நாம் தேடியது, பார்த்தது, சென்றது யாவும் பதிவாகின்றன. உலாவியில் மறைவு முறையைப் பயன்படுத்தியோரின் தடங்களும் திரட்டப்பட்டன என்று அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், பல பில்லியன் பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் இசைந்தது. வள்ளுவரின் ஒற்று, குடிகளைக் காக்கும் கடமை பூண்ட செங்கோலுக்குக் கீழ்ப்பட்டது. விளம்பரம் விற்பதற்காக அறியும் ஒற்றுக்கு அக்கடமை இல்லை. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்காமல் அவ்வதிகாரத்தை ‘தகவல் மேலாண்மை’ என்று பெயர் மாற்றிக் கற்பித்தல் பெரும் பிழையாகும்.

இனி, நம் மொழியின் செய்தி. தமிழர் ஒருவர் தலைவராய் இருப்பதால் தமிழுக்கு நன்மை விளைந்தது என்று கூறுவோர் உளர். நாளும் ஆண்டும் வேறு கதை கூறுகின்றன. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் இடம்பெற்றது 2011 ஜூனில். அப்போது சுந்தர் பிச்சை தலைவர் அல்லர். இணையத்தில் எழுதுவோர்க்கு விளம்பர வருவாய் ஈட்டித்தரும் ஆட்சென்ஸ் சேவை இந்திக்கு 2014இல் திறக்கப்பட்டது. தமிழுக்கு 2018 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. அவர் தலைமையேற்று இரண்டாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டில், 2017இல், கூகுளும் கே.பி.எம்.ஜி. நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்திய மொழிகளைப் பேசுவோருள் இணையத்தை மிகுதியாகக் கைக்கொண்டவர் தமிழரே என்று காட்டியிருந்தது. சந்தை தெரிந்தது, கதவு திறந்தது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. வாணிகத்தின் இயல்பு அதுவே. தலைவரின் தாய்மொழி எதுவாயினும், நிறுவனத்தின் மொழி கணக்குமொழி. இதனை அறிந்தால் நம் பெருமிதம் அளவோடு நிற்கும்; ஒருவரது உழைப்பைப் போற்றுவோம், அவர் நடத்தும் நிறுவனத்தை ஆராய்ந்தே ஏற்போம்.

ஆசிரியர் கடமை

நாம் இதனை ஒதுங்கி நின்று பேசுவதற்கில்லை. நம் கல்வி அமைச்சின் டெலிமா தளம் 2020 ஜூனில் தொடங்கிற்று. கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகிய மூன்றன் கருவிகளும் அதில் உள்ளன. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிக் கதவுகள் மூடியிருந்தபோது, பழைய தோட்டப்புறங்களில் ஒரே கைப்பேசியைச் சுற்றி அமர்ந்த பிள்ளைகளுக்கு இக்கருவிகளே வகுப்பறையாயின. அவ்வுதவியை மறத்தல் நன்றியன்று. ஆயினும், கருவிக்கு நன்றி பாராட்டுதல் ஒன்று. கருவி காட்டுவதே உலகம் என்று பிள்ளைகள் நம்புமாறு விடுதல் மற்றொன்று. ஜெமினி செயலி 2024 ஜூனில் இந்தியாவில் தமிழிலும் பேசத் தொடங்கிவிட்டது. முன்பு வாயில் நம்மை நூலகத்துக்கு வழிகாட்டிற்று. இப்போது வாயிலே விடை சொல்கிறது. விடை எந்நூலிலிருந்து வந்தது என்று கேளாத தலைமுறை உருவாகுமாயின், நூல் எழுதுவோர் குறைவர். எழுதுவோர் குறைந்தால் அவ்வாயிலுக்கும் விடை கிட்டாது.

எனவே, தமிழாசிரியர் செய்யத் தக்கன மூன்று. முதலாவது, மேடையில் கூகுளைச் சான்று காட்டும் மாணவனுக்கு 50ஆம் அதிகாரத்தோடு நிறுத்தாமல் செங்கோன்மை, கொடுங்கோன்மை ஆகியவற்றையும் கற்பித்தல். வாணிகம் செய்வோர் பிறர் உடைமையையும் தம்முடையதாக மதித்து நடக்க வேண்டும் என்று நடுவுநிலைமை அதிகாரம் கூறுவதையும் உடன் கற்பிக்கலாம். இரண்டாவது, எந்த விடையையும் இரண்டிடத்தில் ஒப்புநோக்கவும், மூலநூலைத் திறந்து பார்க்கவும் பழக்குதல். ஐந்து மைல் நடந்தால் வேறு கடையும் உண்டு என்று அறிந்த பிள்ளையை ஒரே கடை கட்டிப்போட இயலாது.

மூன்றாவது, தமிழ்ச் செல்வத்தை எவருக்கும் தனியுடைமையாகாத பொதுவிடங்களில் சேர்த்தல். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் ஆகியவை தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தவை. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் செல்லினமும், பெருநிறுவனங்கள் தமிழை நாடி வருமுன்னரே தமிழர் தம் எழுத்தைக் கணினிக்கும் கைப்பேசிக்கும் கொண்டுசெல்ல வல்லவர் என்பதைக் காட்டின. பேராக் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்தோரின் பாடலும் வழக்கும் வரலாறும் எழுதப்படாமலே மறைந்து வருகின்றன. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகுப்பேனும் எழுதிப் பொதுவில் வைக்குமாயின், நாளை எந்த வாயில் எவர் கையில் இருந்தாலும் உள்ளே இருக்கும் பொருள் நம்முடையதாக இருக்கும்.

வலிமை அறிந்து வெல்லுதல் திறமை. வென்றபின் பிறர்க்கும் வழிவிட்டு நிற்றல் செங்கோன்மை. முன்னதை மட்டும் பாராட்டக் கற்ற சமுதாயம் வென்றவர்க்கு அடிமையாகும். இரண்டையும் சேர்த்து நிறுக்கக் கற்பிக்கும் பொறுப்பு தமிழாசிரியராகிய நம்முடையது.